பின்சுவரில் ஒரு வருஷம்

அந்த ஃபோன் வந்தபோது நான் பெயிண்டருக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அதனால் அவர் பொய் சொல்லிக் காலேஜை ஏமாற்றினார் என்று யாராவது பேசினால் என் கடைக்கு அனுப்பி வையுங்கள். நாற்காலி போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு அனுப்புகிறேன்.

என்னுடையது ஜெராக்ஸ் கடை. எங்கள் தெருவில் எவருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் மெஷினைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசி வீட்டுப் பெயிண்டர் வேலை இல்லாத நாட்களில் என் கடை வாசலில் வந்து நிற்பார். அன்று அவர் அப்படி வந்து நின்ற ஒன்பதாவது நாள். ஒன்பது நாளாக மழை விட்ட பாடில்லை. ஈரச் சுவரில் பிரஷ் வைத்தால் ஒரு மாதத்தில் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும் என்பதால், மழை என்றால் பெயிண்டர்களுக்குக் கட்டாய லீவு, சம்பளம் இல்லாத லீவு.

அன்று என் ஷட்டருக்குக் கொஞ்சம் கறுப்பு எனாமல் தொட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் பெயிண்ட். ஃபோன் அடித்ததும் அதைக் கவுண்டரில் வைத்து ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். தெரியாத நம்பர்.

"ஹலோ, பெயிண்டர்தானே?" ஒரு பெண் குரல்.

"ஆமாங்க, சொல்லுங்க."

"நாள் கூலி எவ்வளவு வாங்கறீங்க?"

என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆயிரத்து இருநூறுங்க. அதுக்குக் கீழ நான் சாரத்துல கால் வைக்கறதில்ல."

"மாசத்துல எத்தனை நாள் வேலை இருக்கும்?"

"முப்பது நாளும் இருக்குதுங்க. உங்களுக்கு நாள் கொடுக்கவே ரெண்டு வாரம் ஆகும். எத்தனை ரூம்? வெளிப்பக்கமும் உண்டா?"

"சரி, தேங்க்ஸ்," என்று அந்தக் குரல் வைத்துவிட்டது.

"பார்ட்டி எப்படி, மடியுமா?" என்று கேட்டேன்.

"விலை கேட்டுட்டு வைக்கறவங்கதான் திரும்பக் கூப்பிடுவாங்க. பேரம் பேசறவன் போயிடுவான்," என்றார். இருவரும் சிரித்தோம். ஆமாம், நானும் சிரித்தேன். அதை ஒளிக்கப் போவதில்லை.

உலகத்தில் எந்தப் பெயிண்டரிடம் வேண்டுமானாலும் தெரியாத நம்பரிலிருந்து கூலி கேட்டுப் பாருங்கள். இப்படித்தான் சொல்வார்கள். ஆயிரத்து இருநூறு சொன்னால்தான் பேரம் பேசி எழுநூறுக்காவது வந்து நிற்கும். எழுநூறு என்று ஆரம்பித்தால் நானூறில் முடியும். சும்மா இருக்கிறேன் என்று சொன்னால் கேட்கவே வேண்டாம், 'ஏன் சும்மா இருக்கான், வேலை சரியில்லையோ' என்று போய்விடுவார்கள். தொழிலில் ஊறின வாய், கேள்வி வந்ததும் தானாகத் திறந்துகொண்டது.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் மகள் ஒரு கடிதத்தோடு கடைக்கு வந்தாள். காலேஜில் இரண்டாம் வருஷம், கணிதம் படிக்கிறாள். தெருவில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். ஏழு வயதில் பால்காரரிடம் அளவு குறைகிறது என்று டம்ளரை வைத்து வழக்காடியதால் வந்த பெயர். அவள் படிப்பதே உதவித்தொகையில்தான்.

"மாமா, இதுல ரெண்டு காப்பி எடுங்க," என்றாள்.

எடுக்கும்போது படித்துவிட்டேன். படிக்காமல் ஜெராக்ஸ் எடுக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை. மாணவி தந்தையின் வருமானம் மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்று படிவத்தில் குறிப்பிட்டிருக்கிறார். தொலைபேசி விசாரணையில் முப்பத்தாறாயிரம் என்று தெரிய வந்துள்ளது. தவறான தகவல் அளித்ததால் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது. இந்தப் பருவத்துக்கான முழுக் கட்டணத்தையும் மாத இறுதிக்குள் செலுத்தாவிட்டால் பெயர் நீக்கப்படும்.

"அடப்பாவி மக்கா, அந்த ஃபோனா!" என்றேன்.

கடையைப் பூட்டிவிட்டு அவளோடு வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை, பின்னால் குழாயடி, அவ்வளவுதான் வீடு. எந்த நேரமும் தின்னர் வாசனை அடிக்கும். பெயிண்டர் ஸ்டூலில் உட்கார்ந்து டீயில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் துணி மடிக்கிற வேலை. அப்போதுதான் வந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெண் கடிதத்தை நின்றபடியே வாசித்தாள். டீயில் நனைந்த ரொட்டி ஒடிந்து உள்ளே விழுந்தது. பெயிண்டர் அதை எடுக்கவில்லை.

"வாய் இருக்கே வாய்!" என்று ஆரம்பித்தாள் மனைவி. "ஒன்பது நாளா ஈ ஓட்டிக்கிட்டு இருந்த மனுஷன், முப்பது நாளும் வேலைன்னு சொல்லியிருக்கீங்க. அந்த முப்பத்தாறாயிரம் எங்கங்க? எனக்குத் தெரியாம எந்த மூட்டையில கட்டி வச்சிருக்கீங்க?"

"ஏன்டி, கூட்டமில்லாத ஹோட்டல்ல எவனாவது சாப்பிடுவானா? வேலையில்லாத பெயிண்டரை எவன் கூப்பிடுவான்? பார்ட்டின்னு நினைச்சேன்டி. காலேஜ்னு ஒரு வார்த்தை சொல்லலியே அந்தம்மா!"

"ஆமாண்ணி, சொல்லல. நான் பக்கத்துலதான் இருந்தேன்," என்றேன்.

"நீங்க இருந்தும்தானே இப்படி ஆச்சு," என்று என்னையும் ஒரு பிடி பிடித்தாள்.

பெயிண்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "என் பொண்ணு படிப்புல நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேன். நாளைக்கே போய்க் கால்ல விழறேன்."

"அப்பா, நீங்க யார் கால்லயும் விழ வேணாம்," என்றாள் பெண். "நீங்க சொன்னது விலை. நான் எழுதினது வருமானம். ரெண்டும் ஒண்ணு இல்லன்னு தெரியாதது அவங்க தப்பு."

மறுநாள் அவள் மட்டும் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே நடந்ததை என் கடையில் நின்று நடித்தே காட்டினாள். ஃபைல் மலைக்கு நடுவே கண்ணாடி போட்ட ஒரு மேடம். கெட்டவர் இல்லையாம், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்திருக்கிறார். பிறகு டைப் செய்த ஒரு தாளை நீட்டினாராம். 'தவறான தகவல் தந்து ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கோருகிறேன்.'

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. கருணை நிதியிலேருந்து பாதியாவது வாங்கித் தர்றேன். ஆண்டு விழாவுல மேடையில கூப்பிட்டுக் கொடுப்பாங்க. பேசாம வாங்கிக்க."

"கருணை வேணாம் மேடம். எனக்கு அது சேர வேண்டியதா இல்லையான்னு சொல்லுங்க. இல்லன்னா, ஏன் இல்லன்னு கணக்கைக் காட்டுங்க."

"உங்க அப்பா வாயாலயே சொன்னாரும்மா."

"காலேஜ்லேருந்து பேசறோம்னு நீங்க சொன்னீங்களா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "சொன்னா யாரும்மா உண்மையைச் சொல்றாங்க? ஆயிரத்து நானூறு ஃபைலு, நாங்க ரெண்டு பேரு. நாங்க என்னதான் பண்றது?"

"நீங்க என்ன பண்ணணும்னு உங்க தாள்லயே போட்டிருக்கு மேடம். நான் மேல்முறையீடு பண்றேன்."

அந்தத் தாளைத்தான் என்னிடம் நீட்டினாள். முதல் வருஷம் சேரும்போது எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அதில் எதைப் பொட்டலம் கட்டினார்களோ, இவள் பத்திரமாக வைத்திருந்தாள். 'உதவித்தொகை பெறும் மாணவர்களின் உரிமைகள்' என்று மேலே கொட்டை எழுத்து. ஒன்பதாவது விதி: நிறுத்தும் முன் காரணத்தை எழுத்தில் தந்து, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பதினொன்று: மாணவர் தரும் விவரங்களை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. பதினான்கு: மேல்முறையீட்டுக்குப் பெற்றோரோடு ஒரு துணை ஆளும் வரலாம்.

"போடு! அந்தத் துணை ஆள் நான்தான்," என்றேன். தாளை மெஷினில் வைத்து ஐந்து காப்பி எடுத்துக் கொடுத்தேன்.

அவள் திருப்பிப் பார்த்தாள். "மாமா, ஒரு பக்கம்தான் எடுத்திருக்கீங்க. ரெண்டு பக்கமும் எடுங்க."

பின்பக்கத்தைப் பார்த்தேன். 'பொறுப்புகள்' என்று இருந்தது. "இது எதுக்கு? உனக்கு வேண்டியது எல்லாம் முன்பக்கத்துலதானே இருக்கு?"

"நாலாவதைப் படிங்க."

குடும்ப வருமானத்தில் மாற்றம் ஏற்பட்டால் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

"மூணு மாசமா ஞாயித்துக்கிழமை மெடிக்கல் ஷாப்புல பில் போடறேன் மாமா. நான் இன்னும் தெரிவிக்கல. மறந்துட்டேன்னு சொல்லலாம். ஆனா மறக்கல. குறைச்சிடுவாங்களோன்னு தள்ளிப் போட்டேன்."

"அதை யாரும் கேக்கலியே! ஏன்மா வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கற?"

"அவங்களை முன்பக்கத்தைப் படின்னு சொல்லிட்டு, நான் பின்பக்கத்தை மறைக்க முடியுமா? ஒரே தாள் மாமா அது."

எனக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் இவ்வளவு நேர்மை ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டே ஐந்து தாளையும் திருப்பிப் போட்டு எடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். இப்போது சிக்கல் என்னவென்றால், ஆதாரம். கூலி வேலைக்கு ஏது சம்பளச் சீட்டு? பெயிண்டர் சட்டைப் பையைத் துழாவினார். ஒரு கடை பில், உப்புத்தாள் ஒரு துண்டு, அவ்வளவுதான் வந்தது.

"எத்தனை நாள் வேலை செஞ்சேன்னு நானே எங்கடி எழுதி வச்சேன்?" என்றார்.

"நீங்க எங்க எழுதினீங்க? நான்தான் எழுத வச்சேன்," என்றாள் மனைவி. "பின்னாடி வந்து பாருங்க எல்லாரும்."

குழாயடிக்குப் போனோம். அங்கே அந்தச் சுவர் இருந்தது. பல வருஷமாக நான் பார்க்கிற சுவர்தான், ஒருநாளும் பார்த்ததில்லை.

பெயிண்டர்கள் வேலை முடிந்து பிரஷ்ஷைக் கழுவும் முன், அதில் மிச்சமிருக்கிற பெயிண்டை எங்காவது தேய்த்து எடுப்பார்கள். அப்போதுதான் மயிர் விறைக்காது. இவரும் வீட்டுக்கு வந்து குழாயடிச் சுவரில்தான் கண்டபடி இழுத்துக்கொண்டிருந்தாராம். சுவர் அசிங்கமாகிறது என்று சண்டை போட்டுப் போட்டு, கடைசியில் அவளே பென்சிலால் கோடு கிழித்துக் கட்டம் போட்டுவிட்டாள். வாரத்துக்கு ஒரு வரிசை, ஒரு வரிசைக்கு ஏழு கட்டம். வேலைக்குப் போன நாளைக்கு ஒரு இழுப்பு, இரண்டு விரல் அகலத்துக்கு. போகாத நாள் வெள்ளையாகவே கிடக்கும். சனிக்கிழமை கூலி வந்ததும் வரிசையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வாள். ஜனவரியில் சுவர் முழுக்க ஒரு கோட் வெள்ளை அடித்து, மறுபடி கட்டம் போடுவாள்.

மேலே ஜனவரி, நம் தலைக்கு மேல். கீழே நவம்பர், முழங்காலுக்கு நேரே. நடுவில் நீலம், சந்தனம், ரோஜா, சாம்பல். மழை மாதங்களில் வரிசை வரிசையாக வெள்ளை. ஒரு வரிசையில் ஒரே ஒரு மஞ்சள் இழுப்பு மட்டும் தனியாக இருந்தது. பெண் விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள்.

"இந்தப் பச்சை?"

"டாக்டர் வீடு. எட்டு நாள்," என்றார் பெயிண்டர்.

"இந்தக் காவி?"

"கான்ட்ராக்டரோட புது பில்டிங். பத்தொன்பது நாள். அப்புறம் மழை பிடிச்சுக்கிச்சு."

மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு. எழுநூறால் பெருக்கி, பதினோரு மாதத்தால் வகுத்தாள். ஒன்பதாயிரத்து நானூறு சொச்சம் வந்தது. படிவத்தில் அவள் எழுதியதைவிடக் குறைவு.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு தாயைக் கட்டிப்பிடித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தின்னர் வாசனை என்று சொல்லிச் சமாளித்தேன். பகல் வெளிச்சத்தில் சுவரைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து, என் கடையில் கலர் பிரிண்ட் போட்டு ஒட்டினோம். என் மெஷின் அதன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த முதல் வேலை அது.

விசாரணை நாளன்று பெயிண்டர் தோய்த்த சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் மட்டும் வெள்ளை போகவில்லை. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. பெரிய மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் காலேஜ் துணை முதல்வர், ஒரு பக்கம் கண்ணாடி மேடம், மறுபக்கம் உதவித்தொகைக்குப் பணம் தருகிற நன்கொடையாளர்களின் பிரதிநிதி. அந்தப் பிரதிநிதியைப் பார்த்ததும் பெயிண்டரின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. அது கான்ட்ராக்டர். காவி பில்டிங்கின் கான்ட்ராக்டர். ஊரில் பாதிச் சுவர் அவருடையது.

"அட, நம்ம பெயிண்டர்!" என்று அவர் சிரித்தார். "சார், எனக்கு இந்தத் தொழில் தெரியும். நல்ல பெயிண்டர் இன்னைக்கு ஆயிரத்து இருநூறுக்குக் கீழ வரமாட்டான். இவர் நல்ல பெயிண்டர். என்னப்பா, நான் சொல்றது சரிதானே?"

அந்த நிமிஷம் பெயிண்டரின் முகத்தை நான் பார்த்தேன். ஆமாம் என்றால் பெண்ணின் படிப்பு போச்சு. இல்லை என்றால், தான் எழுநூறுக்கு வருகிற ஆள் என்று மூன்று பேர் முன்னால், தன் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி. இருபத்தைந்து வருஷம் சாரத்தில் நின்று காப்பாற்றின விலை அது. அவர் பெண்ணைப் பார்த்தார். அவள், 'நீங்களே சொல்லுங்க' என்கிற மாதிரி சும்மா நின்றாள்.

பெயிண்டர் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார்.

"ஆயிரத்து இருநூறு நான் கேக்கற விலைங்க," என்றார். "எழுநூறு நீங்க கொடுத்த விலை."

பெண் பிரிண்ட்டை மேஜையில் விரித்தாள். கட்டம் என்ன, இழுப்பு என்ன, வெள்ளை என்ன என்று விளக்கினாள். பிறகு காவி நிறத்தில் விரல் வைத்தாள்.

"சார், இது உங்க பில்டிங். பத்தொன்பது நாள். அதுக்கப்புறம் பதினோரு நாள் மழை, வெள்ளையா இருக்கு பாருங்க. அந்தப் பதினோரு நாளுக்கு நீங்க ஏதாவது கொடுத்தீங்களா?"

கான்ட்ராக்டர் பிரிண்ட்டைக் குனிந்து பார்த்தார். "மழைக்கு யாரும்மா கூலி கொடுப்பாங்க?"

"அதைத்தான் சார் நானும் படிவத்துல எழுதினேன்."

துணை முதல்வர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. "எழுநூறுதானா சார்?" என்று அவர் கேட்க, கான்ட்ராக்டர் தலையை ஆட்டித் தொலைத்தார்.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். நான் அவள் முழங்கையை இடித்தேன். அவள் என்னைத் தட்டிவிட்டுத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"ஒண்ணு நானும் சொல்லணும். ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போறேன். மூணு மாசம் ஆச்சு. பதினஞ்சு நாள்ல சொல்லியிருக்கணும், சொல்லல. அதுக்கு என்ன குறைக்கணுமோ குறைங்க. லேட்டா தெரிவிச்சேன்னு கையெழுத்துப் போடறேன். ஏமாத்தினேன்னு மட்டும் போடமாட்டேன். இன்னைக்கு இல்ல, என்னைக்குமே போடமாட்டேன்."

கண்ணாடி மேடம் அந்த மன்னிப்புத் தாளைத் தானே எடுத்து நான்காகக் கிழித்தார். "இனிமே ஃபோன் பண்ணா யாருன்னு சொல்லிட்டுத்தான் கேப்போம்," என்றார். அதையும் எழுத்தில் கொடுங்கள் என்று பெண் கேட்டாள். நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு பிடிவாதத்தைப் பார்த்ததில்லை.

நான்காம் நாள் உத்தரவு வந்தது. உதவித்தொகை தொடரும், ஞாயிற்றுக்கிழமை வருமானத்துக்காகச் சிறு பகுதி குறைக்கப்படும், தாமதத்துக்கு ஒரு எச்சரிக்கை. எனக்கு அந்த எச்சரிக்கை பிடிக்கவில்லை. அவள் அதையும் சேர்த்து இரண்டு பக்கமும் காப்பி எடுத்துக்கொண்டாள்.

ஆனால் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடிகிறது. அடுத்த வாரம் வெயில் அடித்தது. பெயிண்டர் வீட்டில் உட்கார்ந்து உத்தரவின் காப்பியை நாலாவது தடவையாக எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

"யாரு பேசறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். பட்ட பாடு.

"நான்தான்பா, கான்ட்ராக்டர். நாலு மாடி, வெளிப்பக்கம் முழுக்க. ரெண்டு மாசம் வேலை. நாளைக்கே வந்துடு."

"கூலி ஆயிரத்து இருநூறுங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. "என்னப்பா, கமிட்டியில எழுநூறுன்னு நீயே சொன்னியே! எழுதியே வச்சிருக்கே!"

பெயிண்டர் எழுந்து நின்றார். எதற்கு நின்றார் என்று தெரியவில்லை. ஃபோனில் பேச எழுந்து நிற்க வேண்டியதில்லை.

"அது என் பொண்ணு படிப்புக்குன்னு சொன்னதுங்க. பதினொண்ணாவது விதி. மாணவர் தர்ற விவரத்தை வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாது. உங்க கமிட்டித் தாள்லயே இருக்கு, முன்பக்கம். வேணும்னா ஒரு காப்பி அனுப்பறேன். கூலி ஆயிரத்து இருநூறு."

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"பாருங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். ரொட்டியை எடுத்து டீயில் நனைக்காமலே தின்றார்.

இரண்டு மாத வேலை. அவர் மனைவி எழுந்து குழாயடிக்குப் போனாள். ஒரு டப்பாவில் மிச்சமிருந்த என் ஷட்டர் கறுப்பில் பிரஷ்ஷை முக்கிக்கொண்டு, அன்றைய கட்டத்துக்கு நேரே கையைக் கொண்டுபோனாள்.

"என்னடி பண்ற?"

"இன்னைக்குத்தான் நீங்க வேலை செஞ்சிருக்கீங்க," என்றாள். "நல்ல வேலை. அதுக்கு ஒரு இழுப்பு."

பெண் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. கூலி வராத நாளைக்கு இழுப்பு கிடையாது. அடுத்த வருஷமும் இந்தச் சுவரைத்தான் நான் காட்டணும். வெள்ளையாவே விடுங்க."

மனைவி பிரஷ்ஷைப் பெயிண்டரிடம் நீட்டினாள். பெயிண்டர் அதை வாங்கித் தரையில் கிடந்த பழைய சாக்கில் துடைத்து, தின்னரில் கழுவி, ஆணியில் மாட்டினார். நாங்கள் நான்கு பேரும் அந்த வெள்ளைக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றிலிருந்து அந்த வரிசையில் இன்னும் நான்கு கட்டம் வெள்ளையாகவே போயின. ஐந்தாவதில் ஒரு சாம்பல் நிற இழுப்பு விழுந்தது. எவ்வளவு கூலிக்கு என்று நான் கேட்டேன்.

"நீங்க எதுக்குக் கேக்கறீங்கன்னு முதல்ல எழுத்துல கொடுங்க," என்றார் பெயிண்டர்.